‘ஐயாவே வந்து பிறந்திருக்கிறார்’

கேள்வி: என் மகனுக்கு 7 வயது. அவனுடைய ஐயாவான என் மாமனாரின் பெயரையே வைத்திருக்கிறோம். ஒத்த வயதுப் பிள்ளைகள் தெருவில் விளையாடும்போது, இவன் வளவுத் தூணில் சாய்ந்துகொண்டு அப்பத்தாவிடம் ரங்கூன் கதை கேட்கிறான். சென்ற மாதம் பங்காளி வீட்டில் துக்கம் நேர்ந்தபோது, அழுதுகொண்டிருந்தவரிடம் போய், “தண்ணி குடிங்க பெரியாத்தா” என்று சொம்பை நீட்டினான். “பழைய ஆன்மா, ஐயாவே வந்து பிறந்திருக்கிறார்” என்கிறார்கள் எல்லோரும். இதற்கு என்ன பொருள்? நான் மகிழ்வதா, கவலைப்படுவதா?
— வாசகி, தேவகோட்டை

பதில்: வயதுக்கு மீறிய நிதானமும் பிறர் மனமறியும் பக்குவமும் உடைய பிள்ளை என்பதையே அவர்கள் அப்படிச் சொல்கிறார்கள். ஆன்மா தன் வினையைப் பிறவிதோறும் சுமந்து வருகிறது என்று நம்பும் சைவ மரபில் வளர்ந்து, மூன்று வயதில் பதிகம் பாடிய ஞானசம்பந்தரின் வரலாற்றைக் கேட்டவர்களுக்கு, அந்தப் பக்குவத்தை முற்பிறவியோடு சேர்த்துப் பார்ப்பது இயல்பாகவே வரும். அந்த நம்பிக்கையை நான் மறுக்கவில்லை. ஆயினும் உங்கள் மகனைப் புரிந்துகொள்ள இந்தப் பிறவியிலேயே போதிய காரணங்கள் இருக்கின்றன.

ஒன்று, சுபாவம். அலெக்சாண்டர் தாமஸ், ஸ்டெல்லா செஸ் என்னும் மனநல மருத்துவத் தம்பதியர் 1956-ல் நியூயார்க்கில் தொடங்கிய நெடுங்கால ஆய்வு, கைக்குழந்தைப் பருவத்திலேயே ஒவ்வொரு குழந்தைக்கும் தனிச் சுபாவம் இருப்பதையும், அவர்களில் ஏறக்குறைய 15 சதவீதத்தினர் புதிய இடத்தையும் ஆட்களையும் ஒதுங்கி நின்று பார்த்து மெல்லவே பழகுவதையும் காட்டியது. அப்படி நின்று பார்க்கும் பிள்ளையின் கண்ணில்தான், அழுது தொண்டை வறண்டவர் யார் என்பது முதலில் படுகிறது.

வீட்டுக்கும் இதில் பெரும் பங்குண்டு. நம் செட்டிநாட்டு நகரத்தார் குடும்பங்களில் மூத்த பேரனுக்கு ஐயாவின் பெயரை வைப்பது வழக்கம். மாமனாரின் பெயரை வாயால் சொல்லக் கூசும் மருமகள், பெற்ற மகனையும் ‘ஐயா’ என்றோ ‘தம்பி’ என்றோதான் கூப்பிடுவாள். தொட்டிலில் கிடக்கும்போதே ‘வாங்க ஐயா’ என்ற மரியாதையைக் கேட்கும் பிள்ளை, அதற்கேற்ற நடையையும் பழகிக்கொள்கிறது. போதாக்குறைக்கு, மீசை முளைக்காத பையன்களை வட்டிக்கடைப் பெட்டியடியில் உட்காரவைத்துக் கணக்குப் பழக்கி, பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கப்பலேற்றிய சீமை நம்முடையது; பிள்ளை சீக்கிரம் பெரியவனாவதை இங்கே யாரும் குறையாகக் கண்டதில்லை. எனக்கு அதில்தான் வருத்தம். குடும்பத்தின் பொருட்டு விளையாட்டுப் பருவத்தை விட்டுக்கொடுத்த அவர்களுடைய நிலை உங்கள் மகனுக்கு வர வேண்டியதில்லை.

அவன் பிடித்த ஒருவனோடாவது சிரித்து விளையாடுகிறான், தோற்றால் அழுகிறான், அவ்வப்போது அடம்பிடிக்கிறான் என்றால், தாராளமாக மகிழுங்கள். விருந்தினர் முன் ‘ஐயா மாதிரி பேசிக் காட்டு’ என்று மட்டும் நிறுத்தாதீர்கள். துக்க வீட்டில் தண்ணீர் கொடுத்தவனுக்கும் உள்ளூரப் பயம் இருந்திருக்கலாம். சாவைப் பற்றி அவன் கேட்டால், ‘உனக்கெதற்கு’ என்று தள்ளாமல் உட்கார்ந்து பதில் சொல்லுங்கள்.

வீட்டுக் கடனையும் பெரியவர்களின் மனத்தாங்கலையும் காதில் வாங்கி, தன்னால் யாருக்கும் தொந்தரவு வரக் கூடாது என்று அடங்கிப்போன பிள்ளையும் வெளிப்பார்வைக்கு இதே பக்குவத்தோடுதான் தோன்றும். ஆகவே தூக்கம் கெடுவது, சாப்பாடு குறைவது, அடிக்கடி வயிற்றுவலி என்பது, பள்ளிக்குப் போகத் தயங்குவது, பிள்ளைகளோடு சேர ஆசையிருந்தும் முடியாமல் தவிப்பது ஆகியவற்றில் எது தொடர்ந்து தென்பட்டாலும் குழந்தைகள் நல மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.