பாக்டீரியா பூச்சியை ஆட்டுவிக்கிறதா? – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பூச்சிகளின் செல்லுக்குள் வாழும் வொல்பாக்கியா என்ற பாக்டீரியா தொற்றிய டிரோசோஃபிலா ஈ (பழ ஈ) சற்றுக் குளிர்ந்த இடத்தைத் தேடுகிறது என்று எழுதியிருந்தீர்கள். ஆன்டிபயாடிக் கொடுத்த ஈயையும் கொடுக்காத ஈயையும் ஒப்பிட்டாலே, ஆட்டுவிப்பது பாக்டீரியாதான் என்று தெரிந்துவிடாதா?

கவிதா

அன்புள்ள கவிதா,

தெரியாது. வழக்கமாக உணவில் 0.03 விழுக்காடு டெட்ராசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் கலந்து 2 தலைமுறை வளர்ப்பார்கள். வொல்பாக்கியா ஒழியும், குடல் பாக்டீரியாவும் சேர்ந்து அடிபடும். செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியா புரதம் செய்யும் விதம் பாக்டீரியாவைப் போன்றது என்பதால் அதையும் இந்த மருந்து முடக்கும். மருந்தால் சோர்ந்த ஈ வேறு இடத்தில் போய் உட்கார்ந்தால், பழி வொல்பாக்கியா மேல் விழும்.

ஆகவே மருந்தை நிறுத்தி மேலும் சில தலைமுறைகள் வளர்க்க வேண்டும். மருந்து படாத ஆண் ஈக்களைச் சில நாட்கள் புது உணவுக் குப்பியில் விட்டு அகற்றிவிட்டு, அதே குப்பியில் சோதனை ஈக்களை வளர்த்தால், எச்சத்திலிருந்து குடல் பாக்டீரியா திரும்பும். வொல்பாக்கியா முட்டை வழியே கடத்தப்படுவது. ஆண்களால் மறுபடி தொற்றாது. இருந்தாலும் வொல்பாக்கியாவின் டபிள்யூஎஸ்பி மரபணு இருக்கிறதா என்று பிசிஆர் (டிஎன்ஏவைப் பெருக்கிக் கண்டறியும் சோதனை) செய்து பார்க்காமல் நம்பக்கூடாது.

மருந்தே தேவைப்படாத சோதனை ஒன்று உண்டு. எனக்கு அதுதான் பிடித்தது. ஜப்பானின் மெகாகோப்டா பங்க்டாடிசிமா என்ற நாவாய்ப்பூச்சி (நம் அவரைக் கொடியில் மொய்க்கும் பூச்சியின் நெருங்கிய உறவு) முட்டைகளை வரிசையாக இட்டு, அடியில் பழுப்புக் காப்சூல்களை ஒட்டிவைக்கும். சுமார் 3, 4 முட்டைக்கு ஒரு காப்சூல். உள்ளே அந்தப் பூச்சியின் குடலில் வாழும் இஷிகவாயெல்லா பாக்டீரியா. பொரித்த குஞ்சு முதல் வேலையாகக் காப்சூலில் அலகைக் குத்தி உறிஞ்சும். பிறகு முட்டைக்கூட்டின் அருகிலேயே கும்பலாக அசையாமல் கிடக்கும். ஹொசோகாவா, ஃபுகாட்சு என்ற ஜப்பானிய ஆய்வாளர்களின் குழுவினர் காப்சூல்களை அகற்றிப் பார்த்தார்கள். குஞ்சுகள் அடங்கவில்லை, அலைந்தன. 2008இல் வெளியான ஆய்வு இது. பாக்டீரியா கிடைக்காத குஞ்சு சரியாக வளராது, பெரும்பாலும் செத்துவிடும். அலைவதில் அர்த்தம் இருக்கிறது.

இங்கே பாக்டீரியா குஞ்சை ஆட்டுவிக்கிறது என்று நான் சொல்லமாட்டேன். தேடுவது குஞ்சு, கிடைத்ததும் நிறுத்திக்கொள்கிறது. நிறுத்தவைப்பது பாக்டீரியாவா, காப்சூலில் இருக்கும் மற்ற பொருளா என்று பிரிக்க, பாக்டீரியாவைக் கொன்ற காப்சூலை ஒரு கூட்டத்துக்கும் உயிருள்ளதை இன்னொன்றுக்கும் கொடுத்து, அலையும் குஞ்சுகளை எண்ண வேண்டும். டிரோசோஃபிலாவிலும் அப்படித்தான்: நீக்கினால் மட்டும் போதாது, அதே வொல்பாக்கியாவைத் திரும்பச் செலுத்தும்போது குளிர்நாட்டமும் திரும்ப வேண்டும்.