தீ பிடிப்பதற்கு முன்பே தீயணைப்பு நிலையத்தில் என்னவெல்லாம் கேட்கலாம்?

இந்த முறை வந்த கேள்விகளில் பலவற்றுக்குள் ஒரே தயக்கம்தான் ஒளிந்திருக்கிறது: "இதையெல்லாம் தீயணைப்புக்காரர்களிடம் போய்க் கேட்கலாமா?" தாராளமாகக் கேட்கலாம். ராத்திரி உங்கள் வீட்டுக்கு ஓடி வருவதைவிடப் பகலில் உட்கார்ந்து விளக்குவது அவர்களுக்கும் நிம்மதிதான். அவசர எண்ணில் மட்டும் கூப்பிட்டுக் கேட்காதீர்கள். நிலையத்துக்கு அலுவலக எண் தனியாக இருக்கும், இல்லாவிட்டால் நேரில் போய்விடுங்கள். என்னென்ன கிடைக்கும் என்பது ஊருக்கு ஊர் மாறும், அதனால் கேட்டுப் பார்ப்பதுதான் வழி.

கேள்வி: வீட்டுக்கே வந்து பார்த்து ஆலோசனை சொல்வார்கள் என்கிறார்களே, நிஜமா? வந்துவிட்டு அபராதம் கிபராதம் போட்டால்?

பதில்: நிஜம்தான். பிரிட்டனில் தீயணைப்புத் துறைகள் இதை இலவசமாகவே செய்கின்றன, முதியவர்கள் இருக்கும் வீடுகளுக்கு முன்னுரிமை. வேறு பல நாடுகளிலும் கேட்டால் வருகிறார்கள். கடை, தொழிற்சாலை, அரங்கம் மாதிரி இடங்களில் சட்டப்படி நடக்கும் ஆய்வு வேறு, நீங்களே கூப்பிட்டு யோசனை கேட்பது வேறு, இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

அடுப்பையும் ஒயரிங்கையும்தான் முதலில் பார்ப்பார்கள் என்று நினைப்பீர்கள். விஷயம் தெரிந்தவர் படுக்கையறையில் நின்றுகொண்டு, "ராத்திரி ரெண்டு மணிக்கு, லைட் இல்லாமல், இங்கேயிருந்து எப்படி வெளியே போவீங்க?" என்று கேட்டுவிட்டு வாசல்வரை உங்கள் கூடவே நடப்பார். அங்கேதான் எல்லாம் வெளிவரும். வாசல் கதவு உள்பக்கம் பூட்டியிருக்கும், சாவி சமையலறை ஆணியில் தொங்கும், போகிற வழியில் ஒரு பழைய மேசை குறுக்கே நிற்கும். சாவியைக் கதவுக்குப் பக்கத்திலேயே, ஜன்னல் வழியாகக் கை விட்டு எடுக்க முடியாத இடத்தில் மாட்டச் சொல்வார். படுக்கையறைக் கதவைச் சாத்திவிட்டுத் தூங்கச் சொல்வார். இது பாட்டி வைத்தியம் இல்லை. அமெரிக்காவில் தீப் பாதுகாப்பை ஆராயும் யூஎல் (UL) அமைப்பின் ஆய்வாளர்கள் செய்த சோதனைகளில் கதவு திறந்திருந்த அறையில் வெப்பம் 500 டிகிரி செல்சியஸைத் தாண்டியபோது, கதவு சாத்தியிருந்த அறை 40 டிகிரியை ஒட்டியே இருந்தது.

கேள்வி: எங்கள் வீட்டு ஸ்மோக் அலாரம் நிமிஷத்துக்கு ஒரு தடவை 'கீச்' என்கிறது. தூக்கம் கெடுகிறது என்று பேட்டரியைக் கழற்றிவிட்டேன். பரவாயில்லையா?

பதில்: பரவாயில்லை என்று எப்படிச் சொல்வது? அந்த 'கீச்'சுக்குப் பெரும்பாலும் பேட்டரி தீர்ந்துவருகிறது என்று அர்த்தம், புதுசு மாற்றினால் நிற்கும். மாற்றியும் நிற்கவில்லை என்றால் அலாரத்தைக் கழற்றிப் பின்பக்கம் தயாரிப்புத் தேதியைப் பாருங்கள். 10 வருஷம் ஆகியிருந்தால் உள்ளே இருக்கும் சென்சாரை நம்ப முடியாது, முழு அலாரத்தையும் மாற்ற வேண்டும். தூங்குகிறவரைப் புகை வாசனை எழுப்பிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். எழுப்பாது, சத்தம்தான் எழுப்பும்.

சமைக்கும்போதெல்லாம் அலறுகிறது என்றால் அடுப்பிலிருந்து குறைந்தது 3 மீட்டர் தள்ளி மாட்டுங்கள். படுக்கையறை ஒவ்வொன்றிலும், அதற்கு வெளியே உள்ள நடையிலும், ஒவ்வொரு மாடியிலும் ஒன்று இருக்க வேண்டும். மாதம் ஒருமுறை டெஸ்ட் பட்டனை அழுத்திப் பாருங்கள். வாங்க முடியாதவர்களுக்கும் ஏணியில் ஏற முடியாதவர்களுக்கும் பல தீயணைப்புத் துறைகள் தாங்களே அலாரம் கொடுத்து மாட்டியும் விடுகின்றன. கூச்சப்படாமல் கேளுங்கள்.

கேள்வி: அம்மாவுக்குக் காது கேட்காது. அலாரம் வைத்து என்ன பிரயோஜனம்?

பதில்: அவருக்கென்றே அலாரம் இருக்கிறது. பளிச் பளிச்சென்று விளக்கு வெட்டும், தலையணைக்கு அடியில் வைக்கிற தட்டு ஒன்று உடம்பே அதிருகிற மாதிரி ஆட்டி எழுப்பும். நிலையத்தில் இதைக் குறிப்பிட்டுக் கேளுங்கள். நடக்க முடியாதவர், படுக்கையில் இருப்பவர், வீட்டில் ஆக்ஸிஜன் வைத்திருப்பவர் இருந்தால் அந்த விவரத்தையும் எந்த அறை என்பதையும் முன்கூட்டியே பதிந்துவைக்கும் வசதி சில இடங்களில் உண்டு. ஆக்ஸிஜன் இருக்கிற அறையில் சிகரெட், விளக்கு, மெழுகுவர்த்தி எதுவும் கூடாது, இதில் பேச்சுக்கே இடமில்லை.

கேள்வி: ஒன்பது வயது மகன் ஒளிந்து ஒளிந்து தீக்குச்சி கொளுத்துகிறான். ஒரு நாள் மெத்தை ஓரம் கருகியிருந்தது. நிலையத்துக்குக் கூட்டிப்போய் நன்றாக மிரட்டச் சொல்லலாமா?

பதில்: கூட்டிப்போங்கள், மிரட்டச் சொல்லாதீர்கள். பயந்த பிள்ளை கொளுத்துவதை விடாது, இன்னும் நன்றாக ஒளிந்துகொண்டு கொளுத்தும். துணி அலமாரிக்குள்ளும் கட்டிலுக்கு அடியிலும் இப்படித்தான் தீ ஆரம்பிக்கிறது. இதற்கென்றே பயிற்சி பெற்றவர்கள் அமெரிக்கா, பிரிட்டன், ஆஸ்திரேலியா போன்ற நாடுகளின் தீயணைப்புத் துறைகளில் இருக்கிறார்கள், குழந்தையோடும் பெற்றோரோடும் தனித்தனியாகப் பேசுவார்கள். எப்போது கொளுத்துகிறான், தனியாகவா கூட்டாளியோடா, அதற்கு முன்னால் வீட்டிலோ பள்ளியிலோ ஏதாவது நடந்ததா என்று கேட்பார்கள். வெறும் ஆர்வம் என்றால் தீ எவ்வளவு வேகமாகப் பரவும் என்று காட்டிப் புரியவைப்பார்கள், மனசில் வேறு ஏதோ அழுத்தம் இருக்கிறது என்று தோன்றினால் மனநல ஆலோசகரிடம் அனுப்புவார்கள். உங்கள் பக்கத்தில் அப்படி ஆள் இல்லையென்றால் நேராகவே ஆலோசகரிடம் போங்கள். இன்றைக்கே செய்ய வேண்டியது ஒன்று: தீப்பெட்டி, லைட்டர் எல்லாவற்றையும் பூட்டிவையுங்கள். உங்கள் சட்டைப் பையில் இருப்பதையும் சேர்த்து.

கேள்வி: தீயணைக்கும் சிலிண்டர் வாங்கி வைத்திருக்கிறேன், உபயோகிக்கத் தெரியாது. கற்றுத் தருவார்களா?

பதில்: தருவார்கள், நிலையத்துத் திறந்தவெளியில் உண்மையான நெருப்பு வைத்தே பழக்கும் இடங்களும் உண்டு. ஒருமுறையாவது கையில் பிடித்து அழுத்திப் பாருங்கள், ஏனென்றால் பலர் பதற்றத்தில் கைப்பிடியில் செருகியிருக்கும் பின்னை (pin) உருவாமலேயே கைப்பிடியை அழுத்திக்கொண்டு நிற்பார்கள். பின்னை உருவு, குழாயைத் தீயின் அடிப்பாகத்துக்குக் காட்டு, அழுத்து, இடமும் வலமும் ஆட்டு, அவ்வளவுதான். வீட்டு அளவு சிலிண்டர் 10 முதல் 20 வினாடிக்குள் காலியாகிவிடும், அதனால் வெளியேறும் வாசல் எப்போதும் உங்கள் முதுகுப்பக்கம் இருக்கட்டும். அந்த நேரத்தில் அணையவில்லையா, விட்டுவிட்டு வெளியேறிக் கதவைச் சாத்துங்கள்.

வாணலி எண்ணெயில் தீ பிடித்தால் தண்ணீர் மட்டும் கூடவே கூடாது. தண்ணீர் எண்ணெய்க்கு அடியில் இறங்கி, நொடியில் ஆவியாகி, ஏறக்குறைய 1,700 மடங்கு விரியும். எரிகிற எண்ணெயை அப்படியே கூரைவரை தூக்கி அடிக்கும். அடுப்பை அணைத்து, மூடியைப் பக்கவாட்டிலிருந்து தள்ளி மூடி, ஆறும்வரை திறக்காமல் விடுங்கள்.

கேள்வி: பள்ளிப் பிள்ளைகளை நிலையத்துக்கு அழைத்துப்போவதில் வண்டி ஏறி விளையாடுவதைத் தவிர என்ன இருக்கிறது?

பதில்: நல்ல நிலையத்தில் ஒருவர் பிள்ளைகள் கண்ணெதிரே மூச்சுக்கருவியும் முகமூடியும் மாட்டிக்கொள்வார், மாட்டியபடியே மண்டியிட்டுப் பேசுவார். அந்த 'ஸ்ஸ்... ஹா...' சத்தமும் கண்ணாடி முகமும் இருட்டில் பிசாசு மாதிரி தெரியும். காப்பாற்ற வருகிறவரைப் பார்த்தே சின்னப் பிள்ளைகள் ஒளிந்துகொள்வதற்கு இதுதான் காரணம். அந்த ஐந்து நிமிஷத்துக்காகவே கூட்டிப்போகலாம், சைரன் எல்லாம் போனஸ்.

கேள்வி: எங்கள் குடியிருப்பில் படிக்கட்டுக்குக் கீழே மின்சார ஸ்கூட்டர் பேட்டரிகளைச் சார்ஜ் போடுகிறார்கள். சொன்னால் சண்டைக்கு வருகிறார்கள்.

பதில்: நீங்கள் சொல்லாதீர்கள், நிலையத்திலிருந்து ஒருவரை அழைத்துக் குடியிருப்போர் கூட்டத்தில் பேசச் சொல்லுங்கள். சீருடையில் வந்து சொன்னால் கேட்பார்கள், மனித சுபாவம். லித்தியம் பேட்டரி உள்ளுக்குள் சூடேறிவிட்டால் தீ சட்டென்று பரவும், நச்சுப்புகை கக்கும், அணைந்த மாதிரி இருந்து திரும்பவும் பற்றும். அது எரிகிற இடம் எல்லோரும் இறங்க வேண்டிய ஒரே வழி. வந்தவரிடம், புகையைத் தடுக்க வேண்டிய மாடிப்படிக் கதவுகளுக்குக் கல் வைத்துத் திறந்துவைத்திருப்பதையும் காட்டிவிடுங்கள்.

கேள்வி: வேறு என்னவெல்லாம் கிடைக்கும்?

பதில்: முதலுதவி வகுப்பு, இதயம் நின்றவருக்கு மார்பை அழுத்திச் செய்யும் சிபிஆர் வகுப்பு பல இடங்களில் உண்டு. வட அமெரிக்காவில் சில நிலையங்களில் குழந்தையின் கார் சீட் சரியாகப் பொருத்தியிருக்கிறதா என்றுகூடப் பார்த்துத் தருவார்கள். எரிவாயுக் கசிவு அலாரம் மாட்டுவதாக இருந்தால் எந்த உயரத்தில் என்று கேட்டுக்கொள்ளுங்கள்: சிலிண்டர் வாயு காற்றைவிடக் கனம், கீழே தேங்கும், குழாயில் வரும் இயற்கை எரிவாயு இலேசு, மேலே போகும்.