புதிய ஆண் பாம்பை இணை சேர்க்கலாமா?

கேள்வி: ஒரு பெண் கார்ன் ஸ்நேக் (விஷமில்லாத ஒரு வளர்ப்புப் பாம்பு) வளர்க்கிறேன். வயது இரண்டு, எடை 220 கிராம். இணை சேர்க்க ஓர் ஆண் பாம்பு வாங்கி இரண்டு வாரம் ஆகிறது. ஒரே கூண்டில் விட்டால் சண்டை போடுமா?

பதில்: இப்போது சேர்க்காதீர்கள். சண்டையை நினைத்துப் பயப்பட வேண்டாம். இந்த இனத்தில் ஆணும் பெண்ணும் மோதிக்கொள்வது அரிது. எனக்குக் கவலை தருவது பெண்ணின் எடையும், புது வரவோடு சேர்ந்து வரக்கூடிய நோயும்தான்.

220 கிராம் போதாது. குறைந்தது 300 கிராம் எடையும் மூன்று வயதும் ஆகட்டும். சின்ன உடம்பில் முட்டை உருவானால் வெளியே வராமல் உள்ளேயே சிக்கிக்கொள்ளலாம். தாய் இறந்தும் போகலாம். ஒரு வருடம் தள்ளிப்போனால் உங்களுக்கு நஷ்டம் ஒன்றுமில்லை.

ஆண் பாம்பை 90 நாள் வேறு அறையில் வையுங்கள். தண்ணீர்க் கிண்ணம், இடுக்கி எல்லாம் தனியாக இருக்கட்டும். முதலில் பெண்ணைக் கவனித்துவிட்டு, கடைசியாக இதனிடம் போங்கள். கூண்டின் தரையில் வெள்ளை டிஷ்யூ காகிதம் விரித்தால் உண்ணி இருப்பது தெரிந்துவிடும். மிளகுத்தூள் மாதிரி கறுப்பாக நகரும். தாடைக்கு அடியிலும் கண்ணோரத்திலும் பாருங்கள், தண்ணீரில் செத்து மிதப்பதும் உண்டு. தின்ற எலியை அடிக்கடி கக்கினாலோ, நடு உடம்பு வீங்கினாலோ எச்சத்தைக் கட்டாயம் பரிசோதிக்க வேண்டும். கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணி வந்துவிட்டால் முழுதாகக் குணமாக்குவது மிகக் கடினம். மருத்துவரிடம் போகும்போது அது ஆண்தானா என்பதையும் உறுதி செய்துகொள்ளுங்கள். விற்றவர் சொன்னதை மட்டும் நம்பி இருக்க வேண்டாம்.

இனி குளிர்கால ஓய்வு, அதாவது இணை சேர்க்கும் முன் பாம்பைக் குளிர்ச்சியான இடத்தில் ஓய்வாக வைப்பது. பலர் 10 முதல் 13 டிகிரி செல்சியஸில் இரண்டு மாதம் போல வைக்கிறார்கள். அதற்கு இரண்டு வாரம் முன்பே இரையை நிறுத்துங்கள். வயிற்றில் மிச்சம் இருந்தால் குளிரில் செரிக்காமல் அழுகிவிடும். தண்ணீர் எப்போதும் இருக்க வேண்டும். மெலிந்த பாம்பையும் நோயுற்ற பாம்பையும் குளிரில் வைக்கவே கூடாது.

ஓய்வு முடிந்து, நன்றாக இரை தின்று, பெண் முதல் சட்டை உரித்ததும் சேர்க்கலாம். இரண்டும் இரை தின்று மூன்று நான்கு நாள் ஆகியிருக்கட்டும். பெண்ணை ஆணின் கூண்டில் விட்டு, பக்கத்திலேயே இருந்து பாருங்கள். ஆண் அவள் முதுகோடு ஒட்டி, உடம்பை வெட்டி வெட்டி இழுத்து நகரும். பெண் அடங்கி நின்று வாலைத் தூக்கினால் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளலாம். மூலைக்கு மூலை ஓடி மோதினால் உடனே பிரித்துவிட்டு, சில நாள் கழித்து மறுபடி முயலுங்கள். இணைந்திருக்கும்போது மட்டும் கையால் இழுத்துப் பிரிக்காதீர்கள். இரண்டுக்கும் உள்ளே காயமாகலாம். தாமாக விலகியதும் தனித்தனிக் கூண்டுக்கு மாற்றிவிடுங்கள். சேர்ந்திருக்கையில் இரை போடவே கூடாது. கிங் ஸ்நேக் என்ற வேறு இனத்தை (ராஜநாகம் அல்ல) வளர்ப்பவர்கள் இன்னும் உஷாராக இருக்க வேண்டும். அது மற்ற பாம்பை விழுங்கக்கூடிய இனம்.

சினைப்பட்ட பெண் முட்டையிடும் முன் ஒருமுறை சட்டை உரிக்கும். அன்றே ஈரமான பாசி நிரப்பிய பெட்டியை உள்ளே வையுங்கள். சில முட்டை இட்டபின் பாதியில் நின்று, அடுத்த நாளும் முக்கிக்கொண்டே இருந்தால் கையால் அமுக்கிப் பார்க்காமல் நேராக மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.