மலைச்சாலையில் ராலி பழகலாமா? வாசகர் கேள்விகள்

கேள்வி: எனக்கு வயது 23. மேட்டுப்பாளையம் சாலையில் ஒவ்வொரு வளைவும் மனப்பாடம். ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியா, பிரான்ஸின் கோர்சிகா மலைகளில் தார்ச்சாலையில் கார் ராலி ஓடுவதைப் பார்த்து எனக்கும் ஆசை வந்துவிட்டது. அதிகாலையில் நண்பர்களோடு நேரம் குறித்து இங்கேயே ஓட்டிப் பழகலாமா?
- வாசகர், கோத்தகிரி

பதில்: கூடாது, தம்பி. அதிகாலை என்கிறீர்களே, அப்போதுதான் காய்கறி லாரி இறங்கும், முதல் பஸ் ஏறும், வளைவு திரும்பினால் காட்டுமாடு நிற்கும். மாநில அரசின் எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் பொதுச்சாலையில் பந்தயம் ஓட்டினால் மோட்டார் வாகனச் சட்டம் 189-ஆம் பிரிவின்படி முதல் முறையே 3 மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், இரண்டும் சேர்ந்தும் வரலாம்.

ராலியில் நேரம் குறித்து ஓட்டும் பகுதி (ஸ்டேஜ்) முழுக்க மற்ற வண்டிகள் வராமல் அடைத்த சாலை. கார்களை இடைவெளி விட்டு ஒவ்வொன்றாக அனுப்புவார்கள், உள்ளே ரோல் கேஜ் (கார் உருண்டாலும் ஆளைக் காக்கும் உலோகக் கூண்டு), ஹெல்மெட், கழுத்துக் காப்பு எல்லாம் இருக்கும். அப்படியும் 1992-இல் தொடங்கிய டார்கா டாஸ்மேனியா ராலியில் 2021-இல் 3 பேரும் 2022-இல் ஒருவரும் இறந்தார்கள், போட்டியையே நிறுத்திவிட்டார்கள். கோர்சிகாவில் 1986-இல் ராலி ஓட்டுநர் ஹென்றி டோய்வொனனும் பக்கத்தில் உட்கார்ந்து வழி சொல்லும் அவருடைய நேவிகேட்டர் செர்ஜியோ கிரெஸ்டோவும் இறந்தார்கள்.

அப்புறம் அந்த மனப்பாடம். அதை நம்பி ராலி ஓட்ட முடியாது, ஏனென்றால் உங்கள் நினைவில் இருப்பது நேற்றைய சாலை. இன்று மர நிழலில் ஈரம் காயாமல் இருக்கும், அடுத்த வளைவில் வெயில் அடிக்கும், டயர் பிடிப்பு இரண்டு இடத்திலும் ஒன்றாக இருக்காது. மான்டே கார்லோ ராலியில் இதற்காகவே ஒரு குழு முன்னால் போய் எங்கே பனி உறைந்திருக்கிறது என்று பார்த்துக் குறித்துவரும். ஓட்டுபவர் நம்புவது பக்கத்தில் உட்கார்ந்து பேஸ் நோட் (வளைவுகளை முன்கூட்டியே எழுதிவைத்த குறிப்பு) படிக்கும் நேவிகேட்டரின் குரலை.

இதை நீங்கள் இப்போதே பழகலாம். நண்பரை உட்காரவைத்து, எல்லோரும் போகிற வேகத்திலேயே போய், ஒவ்வொரு வளைவுக்கும் இடமா வலமா, எவ்வளவு கூர்மை, அடுத்ததற்கு எத்தனை மீட்டர் என்று எழுதச் சொல்லுங்கள். மறுநாள் அதே வேகத்தில் போகும்போது அவர் அதைப் படிக்கட்டும். வளைவு வருவதற்கு முன்பே குரல் வந்துவிடுகிறதா? அது கைவர நாளாகும், ஆனால் உண்மையான ராலிப் பயிற்சி அதுதான். போட்டிக்கு இந்திய மோட்டார் விளையாட்டுக் கூட்டமைப்பான எஃப்எம்எஸ்சிஐ-யின் உரிமம் வேண்டும். நம் நாட்டில் ராலி பெரும்பாலும் மண் பாதையில்தான், அதனால் மண்ணில் ஓட்டவும் மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள்.

கேள்வி: கொடைக்கானலிலிருந்து வத்தலகுண்டு இறங்கும்போது பிரேக் கருகும் வாடை வருகிறது. ராலி கார்களுக்கு இப்படி ஆகாதா?
- வாசகி, பெருமாள்மலை

பதில்: அவற்றுக்கும் சூடேறும், அதனால்தான் பெரிய டிஸ்க்கும் அதிகச் சூட்டில்தான் கொதிக்கும் பிரேக் ஆயிலும் போடுகிறார்கள். பிரேக் ஆயில் நாளாக நாளாகக் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும், பிறகு சீக்கிரமே கொதித்து உள்ளே ஆவிக்குமிழி உண்டாகும், பெடல் மெத்தென்று தரைவரை போய்விடும். நீங்கள் எந்த கியரில் ஏறுவீர்களோ அதே கியரில் இறங்குங்கள், பிரேக்கில் காலை வைத்துக்கொண்டே இருக்காதீர்கள். வாடை வந்தால் அகலமான இடமாகப் பார்த்து நிறுத்தி ஆறவிடுங்கள், சூடான டிஸ்க்கில் தண்ணீர் ஊற்ற வேண்டாம். ஆயில் மாற்றி இரண்டு வருடம் ஆகியிருந்தால் அடுத்த முறை இறங்குவதற்குள் மாற்றிவிடுங்கள்.