எலும்பு வயதும் ‘நம்ம வாகும்’

வணக்கம் டாக்டர்,

என் மகனுக்குப் பதிமூன்று வயது முடிந்துவிட்டது. வகுப்பில் அவன்தான் குள்ளம். இடது கையை எக்ஸ்-ரே எடுத்துப் பார்த்ததில் ‘எலும்பு வயது 11’ என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது. “அது வெள்ளைக்காரப் பிள்ளைகளை வைத்துப் போட்ட கணக்கு. நம்ம வாகு அப்படி, நமக்குக் குறைவாகத்தான் காட்டும், விடு” என்கிறார் சொந்தத்தில் ஒருவர். விட்டுவிடலாமா?

கவிதா, திண்டுக்கல்

அன்புள்ள கவிதா,

உங்கள் உறவினர் சொன்னதில் முதல் பாதி சரி. எலும்பு வயது பார்க்க இங்கே பெரும்பாலும் புரட்டுவது கிரூலிச்–பைல் அட்லஸைத்தான். கிரூலிச், பைல் என்ற இருவர் பிள்ளைகளின் கை எக்ஸ்-ரேக்களை வயதுவாரியாக அடுக்கிய புத்தகம் அது. 1950ல் வந்தது, 1959ல் திருத்திய பதிப்பு. அதிலுள்ள படங்கள் 1931 முதல் 1942 வரை அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் எடுத்தவை. வசதியான வீட்டு வெள்ளைப் பிள்ளைகள். ஆகவே ரிப்போர்ட்டில் உள்ள 11, உங்கள் மகனின் கை அந்த ஊர்ப் பதினோரு வயதுப் பையனின் கையை ஒத்திருக்கிறது என்பதை மட்டும்தான் சொல்கிறது.

‘நம்ம வாகு’ என்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. அதே கிரூலிச், கலிபோர்னியாவில் பிறந்த ஜப்பானிய வம்சாவளிப் பிள்ளைகளையும் ஜப்பானிலேயே வளர்ந்த பிள்ளைகளையும் ஒப்பிட்டு 1957ல் எழுதினார். இரு பக்கமும் ஒரே வம்சம். ஆனால் உயரம், எடை, எலும்பு முதிர்ச்சி மூன்றிலும் கலிபோர்னியாப் பிள்ளைகள் முந்தியிருந்தார்கள். ஜப்பானில் இருந்தவர்களில் பெரிய பிள்ளைகள் போர்க்காலப் பஞ்சத்தைப் பார்த்தவர்கள். பின்னால் அந்த நாடு செழித்தது, அங்குள்ள பிள்ளைகளும் உயர்ந்தார்கள். டோக்கியோ பிள்ளைகளுக்கென்று தனி அளவுகோல் தயாரித்தபோது, அவர்கள் பிரிட்டிஷ் பிள்ளைகளைவிட இளம் வயதிலேயே முழு எலும்பு முதிர்ச்சியை எட்டுவது தெரிந்தது. இத்தனை சீக்கிரத்தில் வம்சம் மாறிவிடாது. சோறு மாறியது, நோய் குறைந்தது.

வம்சாவளிக்குப் பங்கே இல்லை என்று சொல்லவில்லை. 2009ல் வெளியான ஒரு லாஸ் ஏஞ்சலஸ் ஆய்வில், பருவமடையும் வயதையொட்டி ஆசிய, ஹிஸ்பானிக் (லத்தீன் அமெரிக்க வம்சாவளி) பிள்ளைகளின் எலும்புகள் வெள்ளை, கறுப்பினப் பிள்ளைகளுடையதைவிட முந்தியிருந்தன. உங்கள் உறவினரின் கணக்கு அங்கே தலைகீழாகப் போகிறது, பாருங்கள்.

எனக்கு உண்மையிலேயே கவலை தருவது ‘நம்ம வாகு’ என்று சொன்னதும் தேடல் நின்றுபோவதுதான். அதன் பின்னால் ரத்தசோகை இருக்கலாம், தைராய்டு குறைவு இருக்கலாம், வருடக்கணக்கில் அரைவயிற்றோடு பள்ளிக்குப் போனது இருக்கலாம். யாரும் கேட்கமாட்டார்கள். இதே எக்ஸ்-ரேயை வைத்து நீதிமன்றத்தில் வயது நிர்ணயிப்பதும் உண்டு. இரு பக்கமும் இரண்டு வருடம் பிசகலாம் என்று 1982லேயே ஜெயமாலா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2015 சிறார் நீதிச் சட்டமும் முதலில் பள்ளிச் சான்றிதழ், பிறப்புச் சான்றிதழைத்தான் பார்க்கச் சொல்கிறது. அவை இல்லாவிட்டால்தான் எலும்பு. ரொம்பச் சரியான வரிசை அது.

சரி, உங்கள் மகனுக்கு வருவோம். அந்த ஃபிலிமை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஒவ்வொரு விரல் எலும்பின் அடியிலும் ஒரு கறுப்புக் கோடு தெரியும். எலும்பு உடைந்ததல்ல, அங்கேதான் குருத்தெலும்பு இருக்கிறது, அங்கிருந்துதான் எலும்பு நீள்கிறது. அடுத்து, கட்டைவிரல் உள்ளங்கையோடு சேரும் மூட்டின் பக்கத்தில் அரிசிமணி அளவில் தனியாக ஒரு குட்டி எலும்பு இருக்கிறதா என்று பாருங்கள். பையன்களுக்குப் பதிமூன்று வயதையொட்டி, வளர்ச்சி வேகமெடுக்கும் சமயத்தில் அது தென்படும். உங்கள் மகனுக்கு இன்னும் வந்திருக்காது. அதாவது, அவன் வளர வேண்டிய காலம் மிச்சமிருக்கிறது.

ஆனாலும் இரண்டு வருட இடைவெளியை அலட்சியம் செய்யாதீர்கள். கிளீவ்லாந்தின் ஆரோக்கியமான பிள்ளைகளிடையிலேயே ஒரு வருடம் முன்பின் சகஜம். இரண்டு என்பது ஏறக்குறைய எல்லையில் நிற்கிறது. ரத்த அணுக்கள், தைராய்டு இரண்டையும் பார்த்துவிடுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை உயரத்தை அளந்து, இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கத்தின் 2015 வளர்ச்சி அட்டவணையில் குறித்து வையுங்கள். ஒரு வருடம் கழித்து மறுபடி ஒரு எக்ஸ்-ரே எடுத்தால், முடிந்தால் அதே மருத்துவரே பார்க்கட்டும். அவன் கையை அவனுடைய பழைய கையோடு ஒப்பிடுவதற்குக் கிளீவ்லாந்து தேவையில்லை. பதினான்கு முடிந்தும் பருவ மாற்றம் தொடங்காவிட்டால் ஹார்மோன் டாக்டரிடம் அழைத்துப் போங்கள்.

அப்புறம், அவன் அப்பாவும் தாய்மாமன்களும் எந்த வகுப்பில் திடீரென்று உயர்ந்தார்கள் என்று வீட்டில் கேட்டு டாக்டரிடம் சொல்லுங்கள். தாமதமாக வளர்வது பல குடும்பங்களில் வழிவழியாக வரும். ரிப்போர்ட்டில் இல்லாத அந்தத் தகவல் அவருக்கு ரொம்ப உதவும்.