சிரிக்கிற வகுப்பு ஏன் பேச மறுக்கிறது?

கேள்வி: கலை அறிவியல் கல்லூரியில் முதலாண்டு மாணவர்கள் 60 பேருக்கு ஆங்கிலம் எடுக்கிறேன். பெரும்பாலோர் தமிழ்வழியில் படித்தவர்கள். ஜோக், சினிமா காட்சி என்றால் வகுப்பு களைகட்டுகிறது. ‘யார் பேசுறீங்க?’ என்றதும் எல்லாத் தலையும் கவிழ்ந்துவிடுகிறது. என்ன செய்யலாம்?

பதில்: உங்கள் வகுப்பு அவர்களுக்குப் பிடித்திருக்கிறது, ஆங்கிலம் பேசுவது இன்னும் பிடிக்கவில்லை. அயல்மொழி கற்கும் 1,746 பேரிடம் கேட்டு ஆராய்ந்த மொழி ஆய்வாளர்கள் ழான்-மார்க் டெவேல், பீட்டர் மெக்கின்டயர் இருவரும் 2014-இல் இதைத்தான் எழுதினார்கள்: மொழி வகுப்பில் பயமும் மகிழ்ச்சியும் தனித்தனி உணர்வுகள். ஒன்று குறைந்தால் மற்றது தானாகக் கூடிவிடாது. ஜோக் இறுக்கத்தைத் தளர்த்தும், அவ்வளவுதான். ‘நான் சொன்னது எதிரே இருப்பவனுக்குப் புரிந்தது’ என்கிற மகிழ்ச்சி பேசினால்தான் வரும்.

அதற்கு 4-3-2 பயிற்சி நல்லது. ஒரே விஷயத்தை மூன்று பேரிடம் 4, 3, 2 நிமிடங்களில் சொல்வது மூல முறை. உங்கள் மாணவர்களுக்கு 90, 60, 45 விநாடி போதும். தலைப்பு அவர்களுக்கு அத்துப்படியானதாக இருக்கட்டும்: தினமும் ஏறும் பஸ், ஊர்த் திருவிழா. யோசிக்க 3 நிமிடம் கொடுங்கள், தமிழில் யோசிக்கலாம். ஐந்து சொற்கள் மட்டும் குறிக்கலாம். முழு வாக்கியம் எழுத விட்டால் பேச மாட்டார்கள், வாசிப்பார்கள்.

முன்பெஞ்சுக்காரர்கள் பின்னால் திரும்பி உட்கார்ந்து பேசட்டும். ஒவ்வொரு சுற்றுக்கும் அவர்கள் மட்டும் ஓர் இடம் நகர்ந்தால் ஆள் மாறிவிடும். பிறகு பின்பெஞ்சின் முறை. முப்பது பேர் ஒரே நேரத்தில் பேசுவதால் சத்தம் வரும், பக்கத்து வகுப்பில் சொல்லிவிடுங்கள். அந்தச் சத்தம்தான் அவர்களுக்குக் கவசம்: ஒருவர் பிழை ஊருக்கே கேட்காது. மூன்றாம் சுற்றில் தடுமாற்றம் குறைவதை அவர்களே உணர்வார்கள்.

காரியம் கெடுவது பெரும்பாலும் திருத்துவதில். ‘யெஸ்டர்டே ஐ கோ டு மை வில்லேஜ்’ என்று ஒரு மாணவி சொல்லும்போது ‘கோ இல்ல, வென்ட்’ என்று குறுக்கிட்டால் ஊருக்குப் போன கதை அங்கேயே நின்றுவிடும். ‘ஓ, யூ வென்ட் டு யுவர் வில்லேஜ்? ஹூ டிட் யூ மீட்?’ என்று கேளுங்கள். கதையும் நகரும், சரியான வடிவமும் காதில் விழும். சிலர் அதைக் கவனிக்காமல் விடுவார்கள். அதனால் கடைசியில் மூன்று வாக்கியங்களைப் பெயர் சொல்லாமல் போர்டில் எழுதித் திருத்தச் சொல்லுங்கள். கூடவே நீங்கள் கேட்ட நல்ல வாக்கியம் ஒன்றையும் எழுதுங்கள். வெறும் ‘வெரி குட்’டை விட அது பெரிய பாராட்டு.

முதல் மாதம் யாரையும் மேடையேற்ற வேண்டாம். வகுப்பு முடியுமுன், சொல்ல நினைத்து ஆங்கிலத்தில் வராத ஒரு வாக்கியத்தைத் தமிழில் துண்டுச்சீட்டில் வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த வகுப்பை அதிலிருந்து தொடங்கலாம்.