சி.எஸ்.ஆர். சான்றிதழ் உங்களுக்கு எதற்கு?

கேள்வி: கோத்தகிரியில் 14 வருடமாக வீடு கட்டிக்கொடுக்கும் தொழில் செய்கிறேன். கம்பெனி எல்லாம் இல்லை, என் பெயரில்தான் நடக்கிறது. 22 பேர் வேலை செய்கிறார்கள். இந்த ஊரில் சம்பாதித்ததில் ஊருக்கு ஏதாவது செய்ய ஆசை. 3 லட்சம் ஒதுக்கியிருக்கிறேன். கோவையிலிருந்து வந்த ஒருவர், ஒரு டிரஸ்ட்டுக்கு அதைக் கொடுத்தால் 'சி.எஸ்.ஆர். சான்றிதழ்' வரும், வரி குறையும், அரசு காண்ட்ராக்ட் எடுக்கவும் உதவும் என்கிறார். 25,000 ரூபாய் முன்பணம் ஜிபேயில் அனுப்பிவிட்டேன். மீதியைக் கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள்.

சி.எஸ்.ஆர். என்பது கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு, 2013-ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தில் வருவது. நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி, இந்த மூன்றில் ஒன்றைத் தொட்ட கம்பெனி தன் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகத்துக்குச் செலவிட வேண்டும். சொந்தப் பெயரில் தொழில் நடத்தும் உங்களுக்கு அந்தச் சட்டமே பொருந்தாது. பொருந்தாத சட்டத்துக்கு ஒரு சான்றிதழை வாங்கி எங்கே மாட்டப் போகிறீர்கள்?

இந்தப் புரோக்கர்களை 25 வருடமாகப் பார்க்கிறேன். வரி வருடம் முடியும் மார்ச் பிறந்தால் மலை ஏறிவிடுவார்கள். பளபளப்பான ஃபைல், பள்ளிப் பிள்ளைகளோடு எடுத்த படம், வட்டமாக ஒரு முத்திரை. முதலில் சேவையைப் பற்றிப் பேசுவார்கள். இரண்டாம் தடவை வரும்போது, "செக்காக மூணு லட்சம் கொடுங்க, ரெண்டரை லட்சம் கேஷா திரும்பி வந்துடும், ரசீது முழுசுக்கும் தர்றோம்" என்பார்கள். இப்படிச் செய்த ஒரு காண்ட்ராக்டர் இரண்டு வருடம் கழித்து வருமான வரி நோட்டீசோடு என் மேசைக்கு வந்தார். வரி, வட்டி, அபராதம் எல்லாம் கட்டினார். டிரஸ்ட்காரரின் போன் அணைந்தே இருந்தது.

வரி குறையும் என்பதையும் பார்த்துவிடலாம். நீங்கள் புதிய வரி முறையில் இருந்தால், நன்கொடைக்குக் கிடைக்கும் 80ஜி வரி விலக்கே கிடையாது. பழைய முறை என்றாலும் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கிடையாது. இன்னொன்றை உங்கள் தொழிலில் இருப்பவர்கள் எல்லோரும் தவறாகவே புரிந்துவைத்திருக்கிறார்கள்: பொருளாகக் கொடுத்தால் 80ஜி இல்லை. பள்ளிக்கூடத்துக்கு 40 மூட்டை சிமெண்ட் இறக்கினாலும் இல்லை. கொத்தனாரை ஒரு வாரம் உங்கள் கூலியில் அனுப்பினாலும் இல்லை. "சிமெண்ட் பில்லை டிரஸ்ட் பேரில் போட்டு ரசீது வாங்கிக்கவா?" என்று கேட்கிறார்கள். அதுவும் சிமெண்ட்தான், பணம் இல்லை. சிமெண்ட் கொடுக்க மனம் இருந்தால் தாராளமாகக் கொடுங்கள், வரிக் கணக்கை மறந்துவிட்டுக் கொடுங்கள்.

சரி, 3 லட்சத்தை என்ன செய்வது? முதலில் உங்கள் 22 பேரில் எத்தனை பேரிடம் கட்டுமானத் தொழிலாளர் நல வாரிய அட்டை இருக்கிறது என்று கேளுங்கள். கட்டட அனுமதி வாங்கும்போது கட்டுமானச் செலவில் 1 சதவீதம் நலநிதி கட்டுகிறோமே, அது இவர்களுக்காக வசூலிக்கும் பணம். பிள்ளைகளின் படிப்பு, திருமணம், பிரசவம், இயற்கை மரணம், 60 வயதுக்குப் பிறகு ஓய்வூதியம், இத்தனைக்கும் உதவி உண்டு. பதிவுக்குக் கட்டணம் கிடையாது. ஆனால் இங்கேயும் புரோக்கர் உட்கார்ந்துகொண்டு ஆளுக்கு ஆயிரம் கேட்கிறார்.

போன வருடம் ஒரு சித்தாள் அம்மா பிளாஸ்டிக் கவரில் சுற்றிய அட்டையோடு வந்தார். முப்பது வருடம் ஜல்லி சுமந்தவர். 60 முடிந்து ஓய்வூதியம் கேட்டால், அட்டை புதுப்பிக்கவில்லை என்கிறார்கள். 5 வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும் என்று அவருக்கு யாருமே சொல்லவில்லை. கவரைப் பிரித்து, மடிப்பில் கிழிந்த அந்த அட்டையை மேசைமேல் நீவி நீவி வைத்தார். ஆதாரில் ஒரு இனிஷியல், ரேஷன் அட்டையில் வேறு இனிஷியல். ஓ.டி.பி. போகும் நம்பர் மருமகனுடையது, அவர் திருப்பூரில். இணையத்தில் எளிதாக விண்ணப்பிக்கலாம் என்று அறிவிக்கிறவர்கள் நம் நீலகிரியில் குந்தா பக்கம் வந்து ஒரு நாள் சிக்னல் தேடிப் பார்க்கட்டும். எனக்கு வயிறு எரிகிறது.

அதனால் ஒரு நாள் வேலையை நிறுத்துங்கள், கூலியைக் கொடுத்துவிடுங்கள். கம்ப்யூட்டர் தெரிந்த ஒரு பையனை உட்காரவைத்து 22 பேருக்கும் பதிவோ புதுப்பித்தலோ முடியுங்கள். உங்களிடம் வேலை செய்கிறார் என்ற சான்றில் நீங்களே கையெழுத்துப் போடலாம். எல்லாம் சேர்ந்தாலும் முப்பதாயிரத்தைத் தாண்டாது. இதை ஏன் அவசரமாகச் சொல்கிறேன் என்றால், 2024 பிப்ரவரி 7-ஆம் தேதி ஊட்டி லவ்டேல் பக்கம் தடுப்புச் சுவருக்குத் தோண்டும்போது பக்கத்துக் கட்டடம் சரிந்து 6 பெண்கள் இறந்தார்கள். நம் மலையில் மண் வெட்டும் வேலை எப்படிப்பட்டது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அப்புறம் மீதிப் பணம். 'நமக்கு நாமே' திட்டத்தில் மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கை நீங்கள் கட்டினால் மற்றதை அரசு போடும். 2.5 லட்சம் கட்டினால் 7.5 லட்சத்துக்கு வேலை. உங்கள் ஹட்டிக்கு (ஊருக்கு)ப் பக்கத்து அரசுப் பள்ளியின் பின்புறச் சரிவுக்குத் தடுப்புச் சுவர் கேளுங்கள். ஒன்றிய அலுவலகத்தில் வட்டார வளர்ச்சி அலுவலரிடம் (பி.டி.ஓ.) மனு கொடுங்கள், நகல் கலெக்டருக்கு. ஃபைல் ஆமையாய் நகரும், வாரம் ஒருமுறை போய் நிற்க வேண்டும். மதிப்பீடு போடும்போது கூடவே இருங்கள். சுவருக்குப் பின்னால் ஜல்லி, நடுவில் தண்ணீர் வடியும் குழாய்கள் இரண்டும் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். குழாய் இல்லாத சுவர் ஐப்பசி மழையில் வயிறு தள்ளிவிடும். அதைப் பார்த்துச் சொல்ல அந்த ஊரில் உங்களைவிட யாருக்குத் தெரியும்?

முன்பணம் 25,000-க்கு ஜிபே பதிவு இருக்கும், ஸ்கிரீன்ஷாட் எடுத்துவையுங்கள். பணத்தைத் திருப்பித் தரும்படி எழுத்தில் கேளுங்கள். 15 நாளில் வரவில்லை என்றால் காவல் நிலையத்தில் புகார் கொடுங்கள். சமாதானம் பேச அவர் நேரில் வந்தால் தனியாக உட்காராதீர்கள்.